வீட்டில் பராமரிப்பவருக்கு அரசு என்ன தருகிறது? – வாசகர் கேள்வி பதில்

நோயாளியையோ மாற்றுத்திறனாளியையோ முதியவரையோ வீட்டிலேயே வைத்து, ஊதியம் ஏதுமின்றிக் கவனித்துக்கொள்பவர்கள் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். உண்பது, குளிப்பது, கழிப்பறைக்குச் செல்வது என எல்லாவற்றுக்கும் நான் உடனிருக்க வேண்டும். இதற்காகவே தனியார் பள்ளி ஆசிரியை வேலையை விட்டேன். அவன் பெயரில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அவனைப் பார்த்துக்கொள்ளும் எனக்கென்று அரசு ஏதாவது தருமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சட்டத்தில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பராமரிப்பாளர் யார் என்பதை வரையறுக்கும்போது, ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் பெற்றோரையும் மற்றக் குடும்பத்தினரையும் அதில் சேர்த்தே சொல்கிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, அரசு வகுக்க வேண்டிய சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை வரிசைப்படுத்துகையில், அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பாளர் படியையும் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ‘பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு’ என்ற நிபந்தனை இருப்பதால், எவ்வளவு தொகை, யாருக்கு, எப்போது என்பதெல்லாம் ஒவ்வொரு மாநில அரசின் முடிவாகவே இருந்துவருகிறது. படி கேட்டு நேரடியாக நீதிமன்றம் செல்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவரும் இதுதான்.

தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோயாளிகள் முதலிய பிரிவினருக்கு வழங்கப்படும் பராமரிப்பு உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. உங்கள் மகன் பெறுவது அதுதான். இதற்கு மேல், பிறர் துணையின்றி அன்றாடக் காரியங்களைச் செய்ய இயலாதவர்களுக்கு உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் தனியாக வழங்கும் ஏற்பாடும் உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மகனின் தனித்துவ அடையாள அட்டை, மருத்துவச் சான்று, உதவித்தொகை வரும் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் சென்று எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். அலுவலகத்தில் வாய்மொழியாக ‘இல்லை’ என்றால் திரும்பி வந்துவிட வேண்டாம். மனு பெற்றதற்கான ஒப்புகை இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்குச் செல்ல முடியும். மேற்சொன்ன சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, அதிக ஆதரவு தேவை என்று கருதும் மாற்றுத்திறனாளியோ அவர் சார்பில் வேறொருவரோ விண்ணப்பித்தால், அதை மதிப்பீட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மகனுக்காக அந்த விண்ணப்பத்தை நீங்களே தரலாம்.

2,000 ரூபாயும் சரி, 1,000 ரூபாயும் சரி, மாற்றுத்திறனாளியின் தேவையை அளவுகோலாக வைத்துத் தரப்படுபவை. நீங்கள் விட்டுவிட்ட வேலைக்கோ, உங்கள் உழைப்பு நேரத்துக்கோ அவை ஈடு அல்ல. அப்படி எந்த அரசாணையும் சொல்லவில்லை. அண்டை மாநிலமான கேரளத்தின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம், படுத்த படுக்கையாகக் கிடப்போரையும் கடுமையான மாற்றுத்திறனாளிகளையும் முழுநேரம் பார்த்துக்கொள்பவரையே பயனாளியாகக் கொண்டது. தொகை மாதம் 600 ரூபாய்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு ஆள் வைக்கக்கூட முடியாது. ஆயினும் பராமரிப்பவரை ஒரு தனி மனிதராகக் கணக்கில் எடுத்த திட்டம் என்ற வகையில் அது முக்கியமானது என்றே கருதுகிறேன்.

மகளிர் உரிமைத் தொகையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அந்தத் திட்டம் மாதம் 1,000 ரூபாயைக் குடும்பத் தலைவியின் கணக்கில் செலுத்துகிறது. வீட்டில் ஊதியமின்றி உழைக்கும் பெண்ணுக்கான அங்கீகாரம் என்றே அது அறிவிக்கப்பட்டது. வீட்டில் ஒருவர் மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகை பெறுகிறார் என்பதற்காக மட்டும் அந்த வீட்டுப் பெண்ணின் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று அதன் விதிகளில் விலக்கும் அளிக்கப்பட்டது. வருமானம், நிலம், மின் பயன்பாடு ஆகிய வரம்புகளுக்குள் நீங்கள் இருந்தும் தொகை வரவில்லை என்றால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்றும் அவசரமானது. மகன் 18 வயதைக் கடந்துவிட்டதால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் அவனுடைய இயல்பான பாதுகாவலர் அல்ல. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமனம் பெற்றுக்கொள்ளுங்கள். அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவையும் தெரபிச் செலவையும் ஏற்கிறது. முன்மருத்துவப் பரிசோதனை கேட்கப்படுவதில்லை.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக என் மனைவி, ஏழு ஆண்டுகள் செய்த பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். முதியவர்களைப் பராமரிப்பவர்களுக்கு உதவித்தொகை உண்டா?
– வாசகர், திருப்பூர்

பதில்: முதுமையை மட்டும் காரணமாகக் கொண்டு, பராமரிப்பவருக்குப் பணம் தரும் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே உங்கள் தந்தையின் நிலையை மாற்றுத்திறன் என்ற வாயில் வழியாகத்தான் கொண்டுசெல்ல வேண்டும். பக்கவாதத்தால் கை கால் செயலிழந்தவருக்குக் கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் சான்றிதழ் கிடைக்கும்; அதற்கு வயது வரம்பு இல்லை. நரம்பு சார்ந்த பாதிப்புகளைப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே மதிப்பிடுவார்கள் என்பதால், அதற்குள் சென்றால் திருப்பி அனுப்பப்படலாம். பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், முந்தைய பதிலில் சொன்ன பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வயதானவர்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று நம்பிக்கொண்டு சான்றிதழே வாங்காமல் இருக்கும் குடும்பங்கள் பல.

பணமாக அல்லாமல் ஆளாக வரும் உதவியும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் மட்டுமன்றி, வலி நிவாரணப் பராமரிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, தன் முதுகு பிடித்துக்கொள்ளாமல் எப்படித் தூக்கி உட்கார வைப்பது என்பதை உங்கள் மனைவி அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்வது, பல மாத்திரைகளை மிச்சப்படுத்தும்.

உங்கள் மனைவியின் வருங்கால வைப்பு நிதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தையும் ஓய்வூதியக் கணக்கில் உள்ளதையும் சேர்த்து எடுத்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி தேவை. அவர் ஏழு ஆண்டுகளை முடித்துவிட்டார். இப்போது ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அந்த ஏழு ஆண்டுகளும் கணக்கிலிருந்து போய்விடும். எடுக்காமல் ‘திட்டச் சான்றிதழ்’ வாங்கி வைத்துக்கொண்டால், பின்னர் வேலைக்குத் திரும்பும்போது மீதமுள்ள மூன்று ஆண்டுகளை முடித்தாலே போதும். அவருக்கு வயது 40க்குள் என்றால், வருமான வரி செலுத்தாதவராகவும் இருந்தால், அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். 60 வயதில் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். பராமரிப்பில் போகும் ஆண்டுகள் உண்மையில் பறிப்பது அன்றைய சம்பளத்தைவிட முதுமைக்கால வருமானத்தைத்தான், இதை நம் திட்டங்கள் எதுவும் தொடவே இல்லை.

கேள்வி: நான் மத்திய அரசு ஊழியர். என் மகளுக்கு ஆட்டிசம். வெளியூருக்கு மாற்றல் வரும் என்கிறார்கள். விடுப்பு, மாற்றல், வருமான வரி ஆகியவற்றில் சலுகை உண்டா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: உண்டு. குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாட்கள் எடுக்கலாம். முதல் 365 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாட்களுக்கு 80 சதவீதம். மற்றக் குழந்தைகளுக்கு 18 வயது வரைதான். மாற்றுத்திறனுள்ள குழந்தைக்கு அந்த வயது வரம்பு இல்லை. ஆண் ஊழியர்களில் மனைவியை இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர், மணமாகாதோர் ஆகிய தனித்த தந்தையருக்கு மட்டுமே இந்த விடுப்பு உண்டு என்பது என் பார்வையில் சரியல்ல. மாநில அரசு ஊழியர்களுக்கு அந்தந்த மாநில விதிகள் பொருந்தும். ஆயினும் இமாசலப் பிரதேசக் கல்லூரி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், மாற்றுத்திறனுள்ள குழந்தையின் தாய்க்கு இத்தகைய விடுப்பை மறுப்பது பெண்கள் பணியில் பங்கேற்கும் உரிமையையே பாதிக்கும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியதை அவர்கள் தங்கள் மனுவில் சுட்டலாம்.

மாற்றலைப் பொறுத்தவரை, மத்திய பணியாளர் துறை 2014 ஜூனிலும் 2018 அக்டோபரிலும் வெளியிட்ட குறிப்பாணைகளைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளியான மகன், மகள், பெற்றோர், துணை, உடன்பிறந்தார் ஆகியோரை முதன்மையாகப் பராமரிக்கும் ஊழியரை, நிர்வாகக் காரணங்களுக்கு உட்பட்டு, வழக்கமான சுழற்சி மாற்றலிலிருந்து விலக்கலாம் என்று அவை சொல்கின்றன. மாற்றல் ஆணை வந்த பிறகு எழுதுவதைவிட, இப்போதே உரிமையைப் பதிவு செய்துவைப்பது நல்லது.

வரியில், 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் உள்ள 80 டி.டி. பிரிவின் கீழ் 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள குறைபாட்டுக்கு 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழிக்கப்படும். செலவு ரசீதுகளைக் கூட்டிக் காட்ட வேண்டியதில்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே இது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: சாலை விபத்தில் என் தம்பிக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவன் மனைவிதான் இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறாள். இழப்பீட்டு வழக்கில், வேலையாள் வைத்ததற்கு ரசீது இல்லை, மனைவி பார்ப்பதற்கு எதற்குப் பணம் என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதிடுகிறார். இது சரியா?
– வாசகர், சேலம்

பதில்: சரியல்ல. மனைவி பார்க்கிறாள் என்பது விபத்து ஏற்படுத்தியவருக்குக் கிடைத்த தள்ளுபடி ஆகாது.

உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு, உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அளித்தது. 2007இல் விபத்தில் சிக்கி முற்றிலும் முடங்கிப்போன 12 வயதுச் சிறுமியின் வழக்கு அது. பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் உதவியாளர் செலவாக மாதம் 2,500 ரூபாய் என்று கணக்கிட்டிருந்தது. அந்தச் சிறுமிக்கு ஒரு நாளில் 24 மணி நேரமும் ஆள் வேண்டும், ஒருவர் 12 மணி நேரமே பார்க்க முடியும், ஆகவே இரண்டு பேர் என்று வைத்து, தலைக்கு 5,000 ரூபாய் வீதம் மாதம் 10,000 ரூபாயாக்கி, அதை 12 மாதங்களாலும் 18 என்ற பெருக்கெண்ணாலும் (பாதிக்கப்பட்டவரின் வயதை வைத்து நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் எண்) பெருக்கி, உதவியாளர் செலவுக்கு மட்டும் 21,60,000 ரூபாய் வழங்கியது உச்ச நீதிமன்றம். வருமான இழப்புக்குப் பயன்படுத்தும் பெருக்கெண் முறையையே உதவியாளர் செலவுக்கும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பயன். தம்பியின் வயதுக்கு உரிய பெருக்கெண் வேறாக இருக்கும். கணக்கிடும் வழி அதுவே.

வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதற்கும் தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2009இலேயே இல்லத்தரசியின் வேலைக்கு விலை மதிப்பிடும் முறைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி என்.வி. ரமணா, மக்கள் நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அரசு எடுத்த 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வை எடுத்துக்காட்டி, பெண்கள் ஊதியமற்ற வீட்டு வேலையில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதைப் பதிவு செய்தார். இவை விபத்தில் இறந்த பெண்களின் வழக்குகள். உங்கள் வழக்கு நேர்மாறானது, உயிரோடு இருந்து உழைக்கும் பெண்ணைப் பற்றியது. ஆனாலும் உழைப்பின் மதிப்பு பற்றிய தர்க்கம் ஒன்றே.

சாட்சியம்தான் இனி முக்கியம். தம்பிக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்தக் காரியங்களுக்கு, எத்தனை காலம் உதவி தேவை என்பதைச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் சான்றாகப் பெற்று, அவரை விசாரிக்கவும் மனுச் செய்யுங்கள். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, இரவில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது என்று தம்பி மனைவி செய்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாக எழுதிவரச் சொல்லுங்கள். சேலத்தில் வீட்டுக்கு வரும் உதவியாளருக்கு நாளொன்றுக்கு என்ன கூலி என்பதற்கு ஒரு முகமையின் கட்டணத் தாள் போதும். தம்பி மனைவி இதற்குமுன் வேலைக்குச் சென்றவர் என்றால், அந்தச் சம்பளச் சான்றையும் சேர்க்கலாம். அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்குக் குடும்பத்தில் தயக்கம் இருக்கும். தயங்க வேண்டாம், இந்த வழக்கில் அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

கேள்வி: வெளிநாடுகளில் வீட்டில் பராமரிப்பவர்களுக்கு அரசே சம்பளம் தருகிறதாமே? நம் நாட்டில் ஏன் முடியவில்லை?
– வாசகர், காரைக்குடி

பதில்: சம்பளம் என்பது மிகை. ஜெர்மனியில் 1995 முதல் கட்டாயப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. ஊழியரும் முதலாளியும் செலுத்தும் பணம் அது. வீட்டிலேயே குடும்பத்தார் பார்த்துக்கொண்டால், தேவையின் தரநிலையைப் பொறுத்து மாதம் 347 யூரோ முதல் 990 யூரோ வரை 2025இல் கொடுக்கப்பட்டது. அங்கும் பணம் நோயாளிக்குத்தான் போகிறது. அவர் விரும்பிப் பராமரிப்பவருக்குத் தருகிறார். என்னைக் கவர்ந்தது வேறு. வாரத்துக்கு 10 மணி நேரமாவது பராமரிப்பவருக்கு, அந்தக் காப்பீடே ஓய்வூதியச் சந்தாவைக் கட்டுகிறது. அவர் சற்று இளைப்பாற வேண்டும் என்றால் மாற்று ஆளுக்கான செலவையும் ஆண்டுதோறும் ஒரு வரம்பு வரை ஏற்கிறது.

பிரிட்டனின் பராமரிப்பாளர் படி நேராகப் பராமரிப்பவர் கைக்கே வருவது. 1976இல் வந்த அந்தப் படியை, மனைவி பார்த்துக்கொள்வது இயல்பே என்று கருதி, மணமான பெண்களுக்கு 1986 வரை தரவில்லை. 2025-26இல் வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவருக்கு 83.30 பவுண்ட். வெளியில் ஈட்டும் வருமானம் வாரத்துக்கு 196 பவுண்டை ஒரு பவுண்ட் தாண்டினாலும் அந்த வாரப் படி முழுவதும் போய்விடும். அறியாமல் தாண்டியவர்களிடம் பல ஆண்டுகள் கழித்து ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கேட்டது அங்கே பெரிய சர்ச்சையாயிற்று.

நம் நாட்டில் முறைசார்ந்த சம்பளமும் சந்தாவும் உள்ளவர்கள் சிறுபான்மையினர் என்பதால், ஜெர்மனி முறையை அப்படியே எடுக்க முடியாது. வரிப்பணத்திலிருந்துதான் தர வேண்டும். யார் உழைக்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டாரைப் பராமரிப்பதில் ஈடுபட்டு நாளுக்கு 140 நிமிடங்கள் செலவிட்டனர், ஆண்களில் 21.4 சதவீதத்தினர், 74 நிமிடங்கள். எங்கேனும் தொடங்க வேண்டும் என்றால், உதவியாளருக்கென இப்போது தரும் 1,000 ரூபாயை 1,500 ஆக்குவதைவிட, முழுநேரப் பராமரிப்பாளர் பெயரில் ஓய்வூதியச் சந்தாவை அரசு கட்டுவதையும், ஒவ்வொரு வட்டத்திலும் சில நாட்கள் நோயாளியை விட்டுச் செல்லக்கூடிய இடைக்காலப் பராமரிப்பு இல்லத்தையும் நான் முன்வைப்பேன்.

கேள்வி: திருமணம் செய்துகொள்ளாமல் பதினைந்து ஆண்டுகளாகப் பெற்றோரைப் பார்த்துவருகிறேன். சகோதரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டில் சம பங்கு வேண்டும் என்கிறார்கள். என் உழைப்புக்கு ஈடு கேட்க முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பெற்றோரைப் பராமரித்ததற்குக் கூலி என்று சகோதரர்கள் மீது வழக்குத் தொடுக்க நம் சட்டத்தில் வழி இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவியின் வீட்டு உழைப்பும் சொத்துச் சேர்வதற்குப் பங்களிப்பே என்று அளித்த தீர்ப்பைச் சிலர் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அது கணவன் மனைவிக்கு இடையிலானது, மகளுக்கு நேரடியாகப் பொருந்தாது.

பெற்றோர் உயிருடன் இருப்பதால் அவர்கள் மூலமாகச் செய்யக்கூடியவை இரண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அவர்கள் உங்கள் சகோதரர்கள் மீது மனுக் கொடுக்கலாம்; மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை செலுத்த உத்தரவிட முடியும், அந்தப் பணத்தில் பகலுக்காவது ஓர் உதவியாளரை வைக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மனு எழுத உதவி வேண்டுமென்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

மற்றொன்று சொத்து பற்றியது. வீடு பெற்றோரின் சுயசம்பாத்தியம் என்றால், உயில் மூலமாகவோ தான செட்டில்மென்ட் பத்திரம் மூலமாகவோ அதை உங்களுக்கு எழுதிவைக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பூர்வீகச் சொத்து என்றால் அவர்களுடைய பங்கை மட்டுமே எழுத முடியும். செட்டில்மென்ட் என்று முடிவானால், அவர்களைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் மேற்சொன்ன சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யலாம் என்பதால் பெற்றோருக்கு அது பாதுகாப்பு. ஏமாற்றி எழுதி வாங்கினாள் என்று பின்னாளில் யாரும் சொல்லாமலிருக்க உங்களுக்கும் அது பயன்படும். பெற்றோரின் நினைவு தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர் ஒருவரிடம் அதே வாரத்தில் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உயிலுக்குச் சாட்சியாக உங்களை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம். பதிவு அலுவலகத்துக்கு வர இயலாத நிலையில் அவர்கள் இருந்தால், காரணத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தால், பதிவுச் சட்டத்தின் 31ஆம் பிரிவின் கீழ் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொடுப்பார்.